இடுப்பே இல்லாத மாதிரி

என் கைகள் எப்போதும் கதகதப்பாக இருக்கும், குளிர்காலத்தில்கூட. வைத்தியத்துக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் சொல்வார்கள். ஜன்னலைச் சாத்த வேண்டாம், எனக்குக் குளிரவில்லை. கேளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர்ப்பலகையில் கைரோபிராக்டர் என்று போட்டிருக்கும். வருகிறவர்களுக்கு நான் எலும்பு டாக்டரம்மா. அந்தச் சர்வதேச பவர்லிஃப்டிங் போட்டிக்குத் தொண்டராகப் போனது என் விருப்பத்தில்தான். பச்சைச் சட்டை ஒன்று, கழுத்தில் மாட்ட ஓர் அட்டை, மதியச் சாப்பாடு. மேடைக்குப் பின்னால் துணித் தடுப்புகள் கட்டிய அறையில் எங்கள் மேஜைகள். பிடி வழுக்காமல் கையில் பூசும் சுண்ணப்பொடியின் நெடி தொண்டையில் நிற்கும். வந்தவர்களில் பலருக்கு எங்கள் மொழி தெரியாது. முதுகைத் திருப்பி விரலால் காட்டுவார்கள், அவ்வளவுதான். மலை மாதிரி ஒருவர் வந்தார். அவர் கழுத்தில் சொடக்கு விழும்போது என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நான் நன்றாகவே இருந்தேன், பதற்றம் எதுவும் இல்லை.

காலையில் மற்ற தொண்டர்களுக்கு விதியைச் சொன்னதும் நான்தான். தூக்கப் போகிறவரின் தசையைத் தட்டி எழுப்பலாம், தூங்க வைக்கக் கூடாது. ஆழமாக அழுத்தித் தளர்த்துவதெல்லாம் போட்டி முடிந்த பிறகு. கை கால் மரத்துப்போனதாக யாராவது சொன்னால் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். டாக்டர் எங்களுக்கு அடுத்த தடுப்பில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் இருமுவதுகூட எனக்குக் கேட்கும்.

என் தங்கையை வீட்டில் குச்சி என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதில் காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல இருப்பாள். அம்மா இறந்தபோது அவள் கைக்குழந்தை. தலை வாரிவிட்டது, சோறு ஊட்டியது, காய்ச்சலுக்குக் கண் விழித்தது எல்லாம் நான். எனக்கு வந்த வரன்களை வேண்டாம் என்றேன். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவளுக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன். அந்தக் குச்சிதான் அன்று நாட்டுக்காகத் தூக்க வந்திருந்தாள். அவள் முதுகில் என் கை அறியாத இடம் கிடையாது. கீழ்முதுகில் எலும்புகளுக்கு நடுவே ஒரு வட்டு, டிஸ்க் என்பார்களே, சற்றுப் பிதுங்கியிருப்பதும் என் கைக்குத்தான் தெரியும்.

வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருத்தி அவளைத் தன்னோடு அழைத்துப்போக இருந்தாள். இந்தப் போட்டியில் பதக்கம் வாங்கினால் அங்கேயே தங்கி, அங்கேயே பயிற்சி. நல்ல பெண்தான், நான் குறை சொல்ல மாட்டேன். வெந்நீர்ப் புட்டிகள் வைத்திருந்த மேஜை அருகே என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?" என்று தங்கையைக் கேட்டேன்.

"இனிமே உனக்கு ரெஸ்ட்டாம்க்கா. இத்தன வருஷம் என்ன வச்சு மேய்ச்சிட்டல்ல."

நானும் சிரித்தேன்.

ஸ்குவாட்டில் மூன்று வாய்ப்பில் இரண்டாவதைத் தூக்கிவிட்டு அவள் என் மேஜைக்கு வந்தாள். கம்பியைத் தோளில் சுமந்து, உட்கார்ந்து எழும் தூக்கல் அது. வெளியே நின்ற வரிசையைப் பார்த்து, "ஊரே உன் கைக்கு க்யூல நிக்குது. எனக்கு மட்டும் க்யூ கிடையாது. தங்கச்சியா பொறந்ததுல இந்த ஒரு லாபம்தான்" என்றாள். கவிழ்ந்து படுத்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, வலது கால் கட்டைவிரல் மரத்த மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லிடவா?"

"என்கிட்ட சொல்லிட்டல்ல. பேசாம படு."

"நீ சொன்னா சரி. அங்க போனப்புறம்தான் கஷ்டம். உன் கையப் பார்சல்ல அனுப்பச் சொல்லணும்."

பக்கத்தில் டாக்டர் இருமினார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அவளை நிறுத்தியிருப்பார். நீங்களும் அதைத்தான் கேட்கப்போகிறீர்கள். யோசித்துப் பாருங்கள். நிறுத்தியிருந்தால் சில மாதம் ஓய்வெடுத்திருப்பாள், வட்டு ஆறியிருக்கும், அடுத்த போட்டியில் பதக்கம் வாங்கியிருப்பாள். போவது என்னவோ போகத்தான் போகிறாள். என்மேல் கோபத்தோடு போயிருப்பாள், அது ஒன்றுதான் மிச்சம்.

அதனால் கட்டைவிரல்களை அவள் இடுப்பின் இருபுறமும் வைத்து, முழு எடையையும் இறக்கி, தசை விட்டுக்கொடுக்கும்வரை பிடித்திருந்தேன். பிறகு தொடைகளையும். இவ்வளவு நேர்த்தியாக நான் யாருக்கும் செய்ததில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், சின்னப் பிள்ளையாக என் மடியில் கிடந்த அதே முகம்.

எழுந்து நின்று இரண்டு முறை குதித்துப் பார்த்தாள். "ஐயோ அக்கா, இடுப்பே இல்லாத மாதிரி இருக்கு. அவ்வளவு லேசு."

"போ, கூப்பிடுறாங்க" என்றேன்.

தடுப்பை விலக்கிப் பார்த்தேன். கம்பியைத் தோளில் ஏற்றினாள், நேராக இறங்கினாள். எழும்போது நிற்க வேண்டிய இடுப்பு நிற்கவில்லை. உடல் முன்னால் மடிந்தது, கம்பி கழுத்துப் பக்கம் உருண்டது. கம்பி தவறினால் பிடிக்க இருபுறமும் ஆள் நிற்பார்கள். வலப்பக்கம் நின்ற ஆள் பிடித்துவிட்டார், இடப்பக்கத்தவர் ஒரு நொடி பிந்தினார். எடை முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்து அவள் முதுகைத் திருகியது.

அந்த இடப்பக்கத்தவர்மேல்தான் இப்போது வழக்கு. அதற்காகத்தான் நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். அவர்மேல் தவறு இல்லை. தூக்குகிறவரின் உடல் சரிவதற்கு முன் நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் அவர்கள் கை நீட்டுவார்கள். என் தங்கை நடுங்கவில்லை. நடுங்க வேண்டிய தசைகளை நான் தூங்க வைத்திருந்தேன். அவர் அழுதபோது தோளில் தட்டிக்கொடுத்தது நான்தான். ஒருவர் பழியை இன்னொருவர் சுமப்பது எனக்குப் பிடிக்காது, அப்படி வளர்ந்தவள் இல்லை நான்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இவ்வளவு ஆகும் என்று நினைக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள், அது பொய். எவ்வளவு ஆகும் என்று கணிப்பதுதான் என் தொழில்.

இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். அவள் அறை என் அறைக்கு அடுத்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. ஆனாலும் தொடும் முன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்கிறேன். முதுகில் ஒரு படுக்கைப்புண் வரவிட்டதில்லை, ஆஸ்பத்திரியில் எல்லோரும் பாராட்டினார்கள்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னைச் சீக்கிரம் அனுப்புங்கள். அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு நர்ஸ் போயிருக்கிறாள் என்கிறீர்கள், என் தங்கையேதான் கேட்டாள் என்கிறீர்கள். அக்கா கை என்மேல படவே வேணாம் என்று அழுதாளாம். அழுதிருப்பாள். என்னைச் சிரமப்படுத்த அவளுக்கு மனசு வராது. சின்ன வயதிலிருந்தே என்மேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம்.