ஒப்பிட ஓர் இதயம்

எலிக்கு மயக்கம் கொடுக்குமுன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வேன் ஐயா. சில்லென்ற கை பட்டால் பாவம், பயந்துவிடும்.

பெருத்த இதயத்தை ஆராய்வது என் வேலை. எலியின் நெஞ்சைத் திறந்து பெரிய ரத்தக் குழாயைச் சுற்றி நூல் கட்டி இறுக்குவோம். இதயம் முக்கி முக்கி அடித்துச் சில வாரங்களில் பெருத்துவிடும். அதில் ஏற்பிகள் என்று உண்டு. ‘வேகமாக அடி’ என்று உடம்பு சொல்வதைக் கேட்கும் காதுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓயாமல் கத்தினால் அவையும் செவிடாகும், என் மனைவியிடம் நான் ஆனது போல. கத்தலைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் காது மறுபடி கேட்கிறதா என்று, இதயத்தை எடுத்து அரைத்துக் கணக்குப் பார்ப்போம். மருந்து கொடாத எலியும் கூடவே வேண்டும். இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது?

மனிதரில் அப்படி ஜோடி லேசில் அமையாது. ஆனால் என் மைத்துனர்கள் இரட்டையர்கள், இருவருக்கும் பெருத்த இதயம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி எங்கள் மாடியிலேயே குடியிருந்தார்கள். “தம்பிங்க உயிர் உங்க கையில இருக்குங்க” என்று மாத்திரைப் பொறுப்பை மனைவி என்னிடம் விட்டாள்.

மூத்தவன் புட்டியில் மருந்து. இளையவன் புட்டியில் அதே அளவில், அதே நிறத்தில் சர்க்கரையும் மாவும். நானே ஆய்வுக்கூடத்தில் அழுத்தி எடுத்தவை. இளையவனுக்குப் படியேற மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. “எலி டாக்டர் அத்தான், உங்க மருந்து வேலை செய்யுதா?” என்று சிரிப்பான். “வேளா வேளைக்குச் சாப்பிடு” என்பேன். அவன் இறந்ததும் இதயத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்படி நான்தான் மனைவிக்கு எடுத்துச் சொன்னேன். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். அருமையான இதயம், ஒரு கையில் அடங்கவில்லை. இனி மூத்தவனுடையதுதான் பாக்கி.

அவன்தான் காரியத்தைக் கெடுத்தான். தம்பி நினைவாக மிச்ச மாத்திரை ஒன்றை வாயில் போட்டு மென்றிருக்கிறான். “அத்தான், என்னோடது கசக்குமே. இவனோடது ஏன் இனிக்குது?” என்று கேட்டான். மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தவள் அவளாகத்தான் இருக்கும்.

பகையால் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கல்யாணத்தன்று எனக்கு ‘எலி டாக்டர்’ என்று பெயர் வைத்துச் சபையையே சிரிக்கவைத்தவன் இளையவன்தான். அதையெல்லாம் மனதில் வைத்திருப்பவனா நான்? யாருக்கு மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தேன். முதல் இரண்டு தடவையும் இளையவன் பெயர் வந்தது. சரியாகக் குலுக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் குலுக்கினேன்.