கடைசியாகத் தூக்கும் பெயர்

மரக்காணத்தில் பஸ் ஏறியவர், பக்கத்து சீட்டுப் பெரியவரிடம் சொன்னார்: "என்னைய நிறுத்துன கம்பெனியில இன்னைக்கு நான் திரும்ப வேலையில இருக்கேங்க. கம்ப்யூட்டர்ல மட்டும்."

முன் சீட்டில் இருந்த நான் திரும்பவில்லை. காது மட்டும் அங்கே போய்விட்டது.

"எப்படிப்பா?"

"உப்புக்காத்துல சர்வர் துருப்பிடிச்சுப் போச்சு. யாரெல்லாம் லாகின் பண்ணலாம்ங்கற லிஸ்ட் அதுலதான் இருந்துது. என்னைய அனுப்புனப்புறம் ஒருத்தனும் பேக்கப் எடுக்கல. கடைசி நாள் காலைல நான் எடுத்து வச்சதைத்தான் இப்ப போட்டிருக்காங்க. அதுல, நிறுத்துன ஒம்போது பேரும் வேலையில இருக்கோம்."

"அப்புறம்?"

"அந்தப் பேரையெல்லாம் தூக்கணுமாம். அங்க யாருக்கும் தெரியல. அதுக்குத்தான் போறேன்."

"உன் பேர மொதல்ல தூக்கிட்டு வந்துடு."

"முடியாதுங்க. என் பேரு இருந்தாத்தான் மத்தவங்க பேர தூக்க முடியும். என்னுது கடைசி."

வெளியே உப்பளம் வெள்ளையாக ஓடியது. பெரியவர் கேட்டார்.

"அன்னைக்கும் அந்த எட்டு பேரையும் நீதான் தூக்குனியா?"

"ஆமாங்க. என் பேரு இருக்கும்னு சொல்லியிருந்தாங்க."