முடிச்சின் இரண்டாம் பாதி

நிந்தவூரில் மலை கிடையாது, சேர். எங்கள் ஊரில் உயரமானவை இரண்டுதான்: பள்ளிவாசல் மினாராவும் போன் டவரும். இரண்டிலும் ஏறித்தான் தொழில் பழகினேன்.

இருபது வருடமாக இதுதான் என் வேலை. டவர் பழுதானால் கூப்பிடுவார்கள். மினாராவுக்குப் பெயின்ற் அடிக்கக் கூப்பிடுவார்கள். வெளிநாட்டுக்காரர் பாறை ஏற வந்தால் கூட்டிப் போவேன். நடுவில் நேபாளத்தில் இரண்டு மலை. ஒன்றில் காற்றினால் திரும்பினேன், மற்றதில் முழங்காலினால். இரண்டு முறையும் உச்சி கண்ணுக்கு முன்னால் நின்றது. அப்படித் திரும்பி நடந்தவனுக்குச் சோறு கூடப் பழைய ருசியில் இறங்காது.

முர்ஷித் கட்டாரில் உயரக் கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைத்துவிட்டு வந்தவன். ஆறு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். நடுப் பாறையில் கயிற்றில் தொங்கி இளைப்பாறுகிற பழக்கமே அவனுக்குக் கிடையாது. "கயிறு உங்களுக்குத்தான் காக்கா, எனக்குச் சும்மா அலங்காரம்" என்று சீண்டுவான். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

அந்தக் கயிற்றைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு முனை ஏறுகிறவனின் இடுப்புப் பட்டியில். அது மேலே ஒரு வளையத்தில் ஓடி, கீழே நிற்பவன் கைக்கு வரும். ஏறி முடித்தவன் அதில் சாய்ந்தால் மெல்ல இறக்கலாம். முடிச்சுக்கு இரண்டு பாதி. முதற் பாதியைப் போட்டு, பட்டிக்குள் நுழைத்து, வந்த வழியே திருப்பி ஓட்ட வேண்டும். திருப்பி ஓட்டாவிட்டால் பார்வைக்குக் கட்டியது போலிருக்கும். பாரம் விழுந்தால் உருவிக்கொண்டு போய்விடும்.

அதனால்தான் ஒருவன் முடிச்சை மற்றவன் பார்த்து, சரியென்றால் வாயால் "ஓம்" சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் நாங்கள் காலைத் தூக்குவதில்லை.

முர்ஷித்திடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. போனில் தொழுகைக்கான பாங்கு கேட்டால் கைவேலையை அப்படியே விட்டுவிட்டு நிற்பான். இரண்டு தடவை, பாங்கு முடிந்ததும் பாதி முடிச்சோடேயே ஏற வெளிக்கிட்டான். நான்தான் பிடித்தேன்.

"மண்டைக்குள்ள என்னடா வெச்சிரிக்காய்? உனக்கு ஒண்டு நடந்தா உன்ட பொண்டாட்டி ஹிமாயா என்னக் கொண்டுபோடுவா."

"நீங்க பாக்கத்தானே இரிக்கிறீங்க காக்கா. மறுகா எனக்கு என்னத்துக்கு மண்டை?"

மார்ச்சில் கடிதம் வந்தது. நேபாளத்தில் ஏறப்போகும் ஒரு வெளிநாட்டு அணியில் எங்களுக்கு ஓரிடம். அவன் பெயர் மேலே. அவன் வராவிட்டால் மட்டும் நான். எனக்கு நாற்பத்தைந்து வயது. இனி ஒரு கடிதம் எனக்கு வராது, அவனுக்கு வரும். நியாயமாக யோசிக்கிற எவரும் எனக்குத்தான் கொடுப்பார்கள்.

கேட்டும் பார்த்தேன். "இந்த முறை எனக்கு விட்டுத் தாவன்."

"உங்கட முழங்காலுக்கு ஒலுவில் துறைமுகத்துப் படியே பெரிய மலை காக்கா."

கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

பயிற்சிக்கென்று அம்பாறைக்கு மேற்கே அந்தப் பாறைக்குக் கூட்டிப் போனேன். அன்று பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு மூன்று இருபத்திரண்டுக்கு. மூன்று இருபத்தொன்றுக்கு, "முடிச்சப் போடு" என்றேன்.

முதற் பாதி முடிந்து, கயிறு பட்டிக்குள் நுழைந்தது. போன் பாங்கு சொன்னது. நின்றான். முடிந்ததும் ஹெல்மெட்டில் கமெராவைப் போட்டுக்கொண்டு திரும்பினான்.

"இறங்கி வந்து ரெண்டு பேருமா ஜமாஅத்தாத் தொழுவம் காக்கா. முடிச்சப் பாத்திட்டீங்களா?"

பார்த்தேன். "ஓம்" என்றேன்.

பதினெட்டு நிமிடம் ஏறினான். கத்திச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். நடுப் பாறையில் நிற்பவனைக் கத்திப் பதற வைக்கக் கூடாது, சேர். வழுக்கிவிடுவான். வழக்கம்போல் எங்கும் தொங்கவில்லை. அவ்வளவு அழகாக அவன் ஏறி நான் பார்த்ததில்லை.

மேலேயிருந்து குரல் வந்தது. "காக்கா, சாயட்டா?"

"ஓம்."

கயிறு பாரமே இல்லாமல் என் கைக்கு வந்தது.

அன்று நான் அஸரைத் தவறவிடவில்லை. அவனுடைய ஜனாஸாத் தொழுகையிலும் முன் வரிசையில் நின்றேன். ஹிமாயா அந்தக் கமெராவைப் பொலிஸில் உங்களிடம் கொண்டுவந்து தந்திராவிட்டால் விபத்து என்றே முடிந்திருக்கும். அதில் கேட்கிற இரண்டு "ஓம்"களும் என்னுடையவைதான். அவன் சாக வேண்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் முடிச்சு அவன் போட்டது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை, என் பெயருக்கு மாற்றிய கடிதம் வந்துவிட்டது. விமானம் இருபத்தேழாம் திகதி. உச்சியில் முர்ஷித்தின் படத்தை வைக்கலாம் என்றிருக்கிறேன். அவனுக்கு அது பெரிய சந்தோசமாக இருக்கும். ஹிமாயாவிடம் நல்ல படமொன்று கேட்டு வாங்கித் தருவீர்களா, சேர்?