நாற்பத்தேழாம் எண் சட்டை

— ஹலோ, மாத்தினது யாருன்னு கேக்குறேன். நேத்து வரைக்கும் சாம்பலா இருந்த சட்டை இன்னிக்கு எப்படிம்மா பச்சையாச்சு?

— நான்தாங்க மாத்தினேன். இறந்து கிடந்து அடையாளம் தெரியாதவங்களோட துணிமணிப் படத்தை எல்லாம் போலீஸ் வெப்சைட்ல ஏத்துற வேலை எனக்கு. சேர்ந்து பத்து நாள்தான் ஆகுது. நீங்க சொல்றது நாப்பத்தேழாம் நம்பர் படம்தானே?

— அதேதான். பழையபடி ஆக்கிடு.

— அம்மா, அது தப்பான கலருங்க. இப்ப இருக்கிறதுதான் சரி.

— தப்பா? ரெண்டு வருஷமா தினம் பாக்குறேன். ஒரு நாளும் தப்பாத் தெரியலையே.

— அதைத்தாங்க சொல்ல வர்றேன். கேமரா ஒவ்வொரு படத்தோடயும் ஒரு குறிப்பு வெச்சு அனுப்பும். படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நம்பர், இந்த நம்பருக்கு இந்தக் கலர்னு. கலர் புரொஃபைல்னு சொல்லுவோம். முன்னாடி இருந்தவர் படத்தைச் சுருக்கி ஏத்தும்போது அந்தக் குறிப்பு கழண்டு போயிருக்கு. குறிப்பு இல்லைன்னா உங்க போன் தனக்குத் தெரிஞ்ச சாதா கணக்குல படிச்சுக்கும். கலரெல்லாம் செத்துப் போயிடும்.

— நான் தையக்காரி. ஒருத்தர் அளவுச் சீட்டைத் தொலைச்சிட்டு இன்னொருத்தர் அளவுக்கு வெட்டின மாதிரி. அவ்வளவுதானே?

— அப்படியேதாங்க! எங்க ஆபீசருக்கு அரை நாள் விளக்கியும் புரியல, நீங்க சட்டுனு பிடிச்சுட்டீங்க.

— புரிஞ்சுதுல்ல? பழையபடி ஆக்கிடு.

— எப்படிங்க ஆக்குறது? இருநூத்திப் பத்துப் படத்தையும் உக்காந்து சரி பண்ணியிருக்கேன். ஒரு சந்தேகத்துக்கு ஸ்டோர் ரூமுக்கே போயி அந்தச் சட்டை இருந்த பையைப் பிரிச்சு, ஜன்னல் வெளிச்சத்துல போன் படத்தோட சேத்து வெச்சுப் பாத்தேன். சரியா இருக்கு. இளம்பச்சை.

— இளம்பச்சை இல்ல. வாழைக்குருத்து. கடையில அப்படிக் கேட்டாத்தான் குடுப்பான்.

— அம்மா, அந்தத் துணியை நீங்க பாத்திருக்கீங்களா?

— தையக்காரி எத்தனையோ துணி பாத்திருப்பா.

— யாரைத் தேடுறீங்கம்மா?

— யாரையும் தேடல. அது என் தம்பி சட்டை இல்லைன்னு தினம் ஒரு தடவை பாத்துக்குவேன். பாத்தாத்தான் கை வேலைக்கு ஓடும்.

— தம்பியைக் காணோமா?

— வாயைக் கழுவு. அவன் தினம் வீட்டுக்கு வர்றான்.

— அப்புறம் என்னங்க கவலை?

— கேட்டுக்கோ. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. உப்புப் பெறாத விஷயம். எங்கயாவது போய்த் தொலைடான்னு சொல்லிட்டேன். போயிட்டான். ஆளைக் காணோம்னு எழுதிக் குடுத்தேன். நாலாம் நாள் உங்க ஆபீஸ்ல கூப்பிட்டு, படம் போட்டிருக்கோம், பாருங்கன்னாங்க. பாத்தேன். சாம்பல் சட்டை. எங்களுது இல்லைன்னு சொல்லிட்டேன். அன்னிக்கே மூணு மணிக்கு வந்து நின்னான்.

— வந்துட்டாரா!

— வந்தான். மெஷினுக்குப் பக்கத்துல முக்காலியில உக்காந்தான். சாப்பாடு வெச்சேன், தொடல. இன்னிக்கு வரைக்கும் தொட்டதில்ல. உக்காந்த இடமெல்லாம் ஈரம். துடைச்சுத் துடைச்சு சிமென்ட்டுல வட்டமே விழுந்துடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கேப்பான். "பாத்தியாக்கா, என்ன கலரு?" சாம்பல்டான்னு சொல்லுவேன். தலையைக் குனிஞ்சுக்குவான். விளக்குப் போட்டதும் ஆளைக் காணோம்.

— அம்மா, இந்தச் சட்டைக்காரர் ஆத்துப் பாலத்துக்குக் கீழ...

— படத்துக்கு அடியில போட்டிருக்கே. எனக்கும் படிக்கத் தெரியும்.

— இது அங்க போடலைங்க. நேத்து பையைப் பிரிச்சப்பதான் நானே பாத்தேன். காலர் உள்பக்கம் சிவப்பு நூல்ல குட்டியா ஒரு நட்சத்திரம் தெச்சிருக்கு.

— சலவைக்குப் போட்டா அடுத்தவங்க சட்டையோட மாறிப்போயிடும். அதனால அவன் சட்டை எல்லாத்துலயும் போடுவேன். அஞ்சு மூலை. கடைசி மூலை எனக்கு எப்பவும் கோணிக்கும்.

— ஆமாங்க... கோணியிருக்கு.

— அழாத. உன்னை அழச் சொன்னேனா? மணி என்ன ஆகுது?

— மூணு ஆக அஞ்சு நிமிஷம் இருக்குங்க.

— அப்ப நேரம் இருக்கு. அந்த ஒரு படத்துக்கு மட்டும் குறிப்பைக் கழட்டிடு. மத்ததெல்லாம் நல்ல கலர்லயே இருக்கட்டும், நான் வேண்டாங்கல.

— தெரிஞ்சே பொய்யான படத்தை எப்படிங்க போடுவேன்? வெறும் நம்பர் கல்லு நட்டுப் புதைச்சிருக்காங்கம்மா. அதுல அவர் பேரை எழுத வேணாமா?

— பேர் எழுதிட்டா மறுநாள் வருவானா? நீ சொல்லு. வருவானா? நான் சொன்ன கடைசி வார்த்தை என்ன தெரியுமா அவன்கிட்ட? அதுக்கப்புறமும் வர்றான்மா. கோவமே இல்லாம வர்றான். அதைப் போயி ஒரு கலரால கெடுத்துக்கச் சொல்றியா?

— அம்மா, நான் வேணா நேர்ல வர்றேன். அட்ரஸ் சொல்லுங்க. தனியா இருக்காதீங்க.

— தனியா எங்க இருக்கேன்? இதோ வந்துட்டான். டேய், மெதுவாடா. வழுக்கும்.

— யாருங்க அங்க? என்னமோ சொட்டுற மாதிரி சத்தம் கேக்குது.

— நேத்து மாதிரியேதான்டா, சாம்பல்தான்... என்னது? போனா? போன் எதுக்குடா உனக்கு? ஆபீஸ் பொண்ணுடா அது... ஏம்மா, உன்கிட்ட பேசணும்ங்கிறான். ஒரே வார்த்தை. சாம்பல்னு சொல்லிடு. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். உண்மை தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான். இந்தா, குடுக்குறேன்.

— ஹலோ... சார்... சாம்பல்தாங்க. சாம்பல் கலர்தான்.

— பச்சைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் மேடம், அதை எப்படியாவது அக்கா வாயால சொல்ல வைங்க, அக்கா சொன்னாத்தான் நான் போக முடியும்.