பிசிக்ஸ் இசைவாணியின் பங்கு

வணக்கம் சொல்லும் முன்னே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தாலும் ஜீப்காரர் மறைக்க மாட்டார். தேர்வு என்னும் மலையைத் தலைநிமிர்ந்து ஏறுவது எப்படி என்று உங்களுக்கு உரைக்க வந்த நான், வெள்ளிமலைப் பாதையின் மூன்றாம் வளைவிலேயே தலைகவிழ்ந்து, காலையில் உண்ட வெண்பொங்கலை உங்கள் காட்டுக்குக் காணிக்கை ஆக்கிவிட்டேன். சிரியுங்கள், சிரியுங்கள். வேட்டி தப்பியது, அந்த மட்டும் புண்ணியம்.

இனி முறைப்படி. மதிப்பெண்ணுக்கு முன் மாணவரின் முகத்தைப் பார்க்கும் தலைமையாசிரியர், அவைத்தலைவர் வளர்மதி அம்மையார் அவர்களே! கள்ளக்குறிச்சிக் கடைவீதியிலிருந்து கட்டுக்கட்டாய் நோட்டுகள் கொண்டுவந்து, அட்டையில் தம் படத்தை அச்சிடாத அதிசயக் கொடையாளர் ஷேக் தாவூது பாய் அவர்களே! அறுப்பை நிறுத்திவிட்டு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகள் படிப்பதற்காகத் தாங்கள் தூக்கம் துறந்த தாய்மார்களே! பையிலே பாடத்தையும் நெஞ்சிலே பயத்தையும் சுமக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே! அனைவரையும் வணங்குகிறேன்.

ஜீப்பில் என் தலையைத் தாங்கிப் பிடித்தவர் உங்கள் ஊர் அம்மாசி. பிடித்தவர் ஒரு கதையும் சொன்னார். ஊர்க்கதை கேட்டால் எனக்கு உடம்பு தேறிவிடும். என் மனைவி இதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். "மேடையில் சொல்லலாமா?" என்றேன். "சொல்லிக்கோ சார். எம் பேர மட்டும் ஜாஸ்தி இழுக்காத" என்றார். இழுக்கிறேன்.

அம்மாசியின் மகள் தனுஷா. போன ஆண்டு இதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. கல்லூரிக் கனவு கண்ணில் நின்றது. தோழியர் இருவர், இசைவாணியும் மணிமொழியும். சாமை அறுப்புக்கு இன்று உன் காட்டில் நான், நாளை என் காட்டில் நீ என்று வாழும் ஊர் அல்லவா இது? கூலி கிடையாது, கைக்குக் கைதான் ஈடு. அந்த வழக்கத்தையே பிள்ளைகள் படிப்புக்கும் கொண்டுவந்தார்கள். ஆளுக்கு ஒரு பாடம் படித்தால் போதும்: இசைவாணிக்கு இயற்பியல், மணிமொழிக்கு வேதியியல், தனுஷாவுக்கு உயிரியல்!

எவ்வளவு அழகான திட்டம்! எவ்வளவு அருமையான அட்டவணை! அரையாண்டுத் தேர்வு வந்தது. அவரவர் பாடத்தில் அவரவர் சிங்கம். அடுத்தவர் பாடத்தில்? அத்தனையும் பூஜ்யத்துக்குப் பக்கத்து வீடு.

வளர்மதி அம்மையார் தாளை நீட்டிக் கேட்டாராம்: "இன்னாடி தனுஷா இது, பிசிக்ஸ்ல பேரு மட்டும் எழுதி வச்சிருக்க?"

"மிஸ், பிசிக்ஸ் இசைவாணி பங்கு மிஸ். அவ நல்லா எழுதிக்கிறா பாருங்க."

அம்மையார் இப்போது தலையைக் குனிகிறார். குனியாதீர்கள் அம்மா, நீங்கள் அன்றைக்கே வெளியில் போய்ச் சிரித்துவிட்டு வந்தீர்களாம்!

ஆனால் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மார்க்கைப் பார்த்த அம்மாசி, "பொங்க கழிஞ்சதும் குடகுக்குப் போற வண்டில ஏறு. காப்பிக் கொட்டையாவது பறிப்ப" என்றார். கல்லூரிக்குப் போக வேண்டிய பெண்ணுக்குக் காப்பித் தோட்டம்! எண்ணிப் பாருங்கள், அந்த நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்?

தனுஷா அழவில்லை. கேட்டாள்: "யப்பா, சாமை அறுக்கறப்ப ஒரு காட்டுக்கு நீ, ஒரு காட்டுக்குச் சித்தப்பான்னு பிரிச்சிக்கினா போறீங்க?"

"எவன் போவான்? எல்லாரும் ஒரே காட்ல எறங்குவோம். முடிச்சிட்டு அடுத்தது."

"நாங்க அதத்தாம்பா தப்பாப் பண்ணிட்டோம். பரீட்சை வரைக்கும் வுடு. அப்பவும் பெயிலானா நானே வண்டி ஏர்றேன்."

பொங்கல் கழிந்தது. வண்டி அவளை விட்டுவிட்டுப் போனது. அன்றுமுதல் மூவரும் ஒன்றாய் இறங்கினார்கள். இயற்பியல் என்றால் இசைவாணி வீடு. அவள் நடத்த, மற்றவர் கேட்க, கேட்டவர் திருப்பிச் சொல்ல! அது முடிந்தபின் அடுத்த வீடு, அடுத்த பாடம்! மார்ச் வந்தது. மூவரும் எழுதினார்கள். மூவரும் தேறினார்கள். மூவரும் இன்று கல்லூரியில்!

பிள்ளைகளே! வண்ணப் பேனாவில் வரைந்து சுவரில் ஒட்டினால் அது திட்டமாகிவிடுமா? செல்போனில் படமெடுத்து வைத்தால் பாடம் தலையில் ஏறிவிடுமா? தேர்வு அறையில் உன் தாளில் எழுத எந்தத் தோழி வருவாள்? இன்றே உட்காருங்கள். எந்தப் பாடம் முந்தி, எந்தப் பாடம் பிந்தி என்று முடிவெடுங்கள். ஒன்றாய் இறங்குங்கள்! ஒவ்வொன்றாய் முடியுங்கள்! ஒருவரையும் விட்டுவிட்டு வராதீர்கள்!

இடம் தந்த பள்ளிக்கும், இடைமறிக்காமல் கேட்ட உங்களுக்கும், எலுமிச்சம்பழம் தந்த ஜீப்காரருக்கும் நன்றி கூறி...

என்னம்மா, பின்வரிசையில் கை தூக்குகிறீர்கள்? தனுஷா இப்போது என்ன படிக்கிறாள் என்றா கேட்கிறீர்கள்?

பி.எஸ்சி. கணக்கு அம்மா. அதில்தான் அவளுக்கு மார்க் ஜாஸ்தி. அந்தப் பாடத்தை நடத்த மட்டும் மூவரில் ஒருத்திக்கும் தெரியவில்லையாம். அவரவர் வீட்டில் தனியாகப் படித்தார்களாம்.

வருகிறேன், வணக்கம்.