பதினைஞ்சு றாத்தல் தூள்

...இல்லைத் தங்கச்சி, கடை வைக்கேல்லை. கலியாண வீடுமில்லை. பதினைஞ்சு றாத்தல் மிளகாய்த் தூளும் ஒரே ஒரு ஆளுக்குத்தான். என்ர மருமகனுக்கு. சாப்பாடு போட்டுக் கெட்ட ஆள் இந்தத் திருகோணமலையில நான் ஒருத்திதான். நீங்கள் எங்கட ஒழுங்கைக்குப் புதுசு, உங்களுக்குத் தெரியாது. இருங்கோ, இந்த மில்லில எங்களுக்கு முன்னுக்கு இன்னும் நாலு சாக்குக் கிடக்கு, அது அரைச்சு முடியமட்டும் சொல்லுறன். உங்கட பையில கண் வைச்சுக்கொள்ளுங்கோ. போனமுறை என்ர தூளுக்குள்ள ஆரின்ரயோ மல்லி வந்திட்டுது.

மருமகன் இரத்தினசிங்கம் மலாயாவில, ஈப்போவில பிறந்து வளந்தவர். றெயில்வேயில கிளாக்கர். போன வருசம் வந்து பத்து நாளில என்ர மகள் புஸ்பராணிக்குத் தாலி கட்டிப்போட்டு ஓடினவர். இப்ப ஒரு மாச லீவில, பெஞ்சாதியின்ர சொந்தக்காரர் எல்லாரையும் பாக்கவெண்டு வந்து நிக்கிறார். பாக்க எண்டது சும்மா. தின்ன. குறையாச் சொல்லேல்லை, ஆசையாத் தின்னுற மனிசன். இறக்கக்கண்டியில என்ர தம்பி வீட்டில இறால் பொரியலும் பிட்டும்... தம்பி பெஞ்சாதி மூண்டு தரம் பிட்டு அவிச்சவள். கிண்ணியாத் தயிரை வழிச்சுப்போட்டு, சட்டியை வீட்டுக்குக் கொண்டு போகலாமோ எண்டு கேட்டவர். கணவாய்க் கறியெண்டா வேர்த்து ஒழுகும், கண்ணால தண்ணி வரும், நிப்பாட்ட மாட்டார்.

எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு சந்தோசம் தெரியுமோ. எங்கட பக்கத்தில வீடு வளவு பொம்பிளைப் பிள்ளைக்குத்தானே. மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில இருக்கிறதுதான் முறை. நானும் வீட்டை ராணியின்ர பேரில எழுதி, பெரிய யன்னல் வைச்சுப் புது அறையும் கட்டினனான். எனக்கு ஒரே பிள்ளை. அவளைக் கப்பலேத்தி விட்டிட்டு நான் ஆரோட கதைக்கிறது? என்ர மனிசன் இவரோடயோ? இவரோட கதைக்கிறதும் அலுமாரியோட கதைக்கிறதும் ஒண்டுதான்.

ஒரு நாள் நண்டுக் காலைக் கடிச்சுக்கொண்டு மருமகனே சொன்னார், இந்தச் சாப்பாட்டை விட்டிட்டு ஈப்போவில போய் என்ன செய்யிறது, இஞ்சயே ஒரு வேலை பாத்தா என்ன எண்டு. பாக்கவும் வெளிக்கிட்டார். துறைமுகக் கந்தோரில வேலை செய்யிற கனகசுந்தரம் அண்ணையைப் பிடிச்சு விண்ணப்பமும் எழுதியாச்சு. நான் பிள்ளையாருக்கு நூற்றியொரு தேங்காய் நேந்து வைச்சனான்.

இதில ஒரு சின்னக் களவு இருக்கு, தங்கச்சி... கிட்ட வாங்கோ. சமைச்சது முழுக்க நான். ராணிக்குச் சோறு வடிக்கத் தெரியாது. படிக்கிற பிள்ளையெண்டு நான் குசினிப் பக்கம் விட்டதில்லை. ஆனா புது மாப்பிள்ளைக்குப் பெஞ்சாதி சமைச்சுப் போட்டாத்தானே மதிப்பு. அதால நான் குசினிக்குள்ள நிண்டு சமைச்சு, அவளின்ர கன்னத்தில கொஞ்சம் அரிசிமாப் பூசி, கறிச்சட்டியோட முன்னுக்கு அனுப்புவன். அவர் ராணியின்ர கைப்பக்குவத்தைப் புகழுவார். நான் கதவுக்குப் பின்னால நிண்டு கேப்பன்.

அதோட இருந்திருக்கலாம். போன ஞாயிறு சாம்பல்தீவில என்ர பெரியம்மாவின்ர மகள் தங்கரத்தினம் வீட்டில சாப்பாடு. சுறாவை அவிச்சு உதிர்த்துத் தேங்காய்ப்பூவோட வறுத்து வறை போட்டாள். மருமகன் வாயில வைச்சார், கண்ணை மூடினார், இப்பிடியொரு வறை இலங்கைக்கு வந்து சாப்பிடேல்லை எண்டார். தங்கரத்தினம் என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சாள் பாருங்கோ... எனக்கு உச்சி கொதிச்சுப் போச்சு. அவளின்ர வறையில உப்பே இல்லை. தேங்காய்ப்பூவும் பழசு.

"இதென்ன வறை, தம்பி" எண்டன். "உங்கட மனிசி இதைவிட நல்லாச் செய்வாள். தூளைக் கையில குடுத்து அவளை எந்தத் தேசத்தில கொண்டுபோய் விட்டாலும் இதே ருசி வரும்."

அந்த மனிசன் சாப்பிடுறதை நிப்பாட்டினார். ஒரு மாசத்தில அப்பதான் முதல் தரம் நிப்பாட்டினது.

"அப்ப நான் ஏன் மாமி இஞ்ச வேலை தேடுறன்?" எண்டார்.

அடுத்த நாள் திங்கக்கிழமையே போய்க் கப்பலுக்கு ரெண்டு ரிக்கற் சொல்லியாச்சு. வாற வெள்ளி பயணம். இந்தப் பதினைஞ்சு றாத்தலும் அவையோட கப்பலேறத்தான். பாஸ்போட் எடுக்கச் சுணங்கும், அதுக்குள்ள மனசை மாத்தலாம் எண்டு நினைச்சன். அது ராணியின்ர பெட்டிக்குள்ள முந்தியே கிடந்தது.

ஆனாலும் மறிக்க எனக்கு ஒரு வழி இருந்தது, தங்கச்சி. உண்மையைச் சொன்னாச் சரி. தம்பி, ராணிக்குத் தண்ணி சுடவைக்கவும் தெரியாது, சமைச்ச கை இந்தக் கைதான் எண்டு ஒரு சொல்லு. இந்தக் கையை விட்டிட்டு அந்தாள் போகாது. வெக்கம் வந்தா வரட்டும், பிள்ளை நிண்டாக் காணும். நேற்றுக் காலமை மனசைத் திடப்படுத்திக்கொண்டு அவர் இருந்த பக்கம் வெளிக்கிட்டன். குசினி வாசலில வைச்சு ராணி என்ர கையைப் பிடிச்சாள்.

"சொல்லாதையுங்கோ அம்மா. சமையல் நான் அங்க போய்ப் பழகுவன். எனக்குப் போக விருப்பம்."

நான் அந்த வாசல்படியிலயே குந்திட்டன். இருந்து அழுதன். ஒரு மாசமா அடுப்படியில வெந்து நான் மருமகனை மறிக்கப் பாத்தனான், தங்கச்சி. போக நிண்டது என்ர பிள்ளையெல்லோ.