பசிக்கும் ‘பாக்கலாம்’

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஒரு மாலை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தாம்பரம் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை.

“இன்னாடி, சூப்பர்வைசர் ஆனதுலேர்ந்து எது கேட்டாலும் ‘பாக்கலாம்’ன்ற? மத்தியானம் பசிக்குதான்னு கேட்டேன். அதுக்கும் ‘பாக்கலாம்’ன்ற!”

ஜன்னலோரத்தில் இருந்தவள் சிரிக்கவில்லை.

“முன்னல்லாம் வாய்க்கு வந்தத பேசுவேன், யாரு கேட்டா? போன வாரம் ‘நம்ம ஷூ தைக்கிற லைன நிறுத்திடுவாங்க போல’ன்னு சும்மா ஒரு வார்த்த சொன்னேன். மறுநாளே ரெண்டு பொண்ணுங்க வேலய வுட்டு நின்னுட்டாளுங்க. லைன் இன்னிக்கும் ஓடிக்கினுதான் கீது.”

“அதுக்கு? ஊருக்கு ‘பாக்கலாம்’னு சொல்லு. எனக்குமா?”

“அந்த லைன் விஷயத்த உன்கிட்ட மட்டும்தாண்டி சொன்னேன்.”

கேட்டவள் மடியில் இருந்த சாப்பாட்டுப் பையின் காதை முறுக்கிக்கொண்டே வந்தாள். மணிமங்கலம் வந்ததும் எழுந்தாள்.

“இனிமே கம்பெனி விஷயம் உன்கிட்ட கேக்க மாட்டேன். சத்தியமா. காலைல பஸ்ல எனக்கு சீட்டு புடிச்சி வெப்பியா?”

“பாக்க…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

“வெக்கிறேன். நான் நின்னுகினு வந்தாலும் உன் சீட்ட யாருக்கும் குடுக்க மாட்டேன்.”